புரட்டாசியில் ஓர் அசைவச் செடி

சிதம்பரம், புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை.

என் சன்ட்யூ செத்துவிட்டது. புதிதாக வளர்ப்பவர் கையில் எது பிழைக்கும் என்று மூன்று மாதம் தேடி வாங்கிய, பசை இலையில் பூச்சி பிடிக்கும் செடி. குழாய்த் தண்ணீர் ஆகாது என்று மழைநீர் பிடித்து ஊற்றினேன். காலையில் திருவந்திபுரம் கோயிலுக்குக் கிளம்பும்போது என் கணவர் அதைக் கண்ணாடித் தொட்டியோடு மொட்டைமாடி வெயிலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். மதியம் நான் பார்த்தபோது உள்ளே எல்லாம் வெந்து கிடந்தது.

“புரட்டாசி மாசத்துல கறி திங்கற செடிய எவனாவது வூட்டுக்குள்ள வெப்பானா?” என்கிறார்.

“செடிக்கு இன்னா மாமா தெரியும், புரட்டாசியும் ஐப்பசியும்?” என்று கத்தினேன்.

நான் இதை எழுத எழுத, பக்கத்தில் நின்று கொசு பேட்டை வீசிக்கொண்டிருக்கிறார். பட். பட். நெற்றியில் நாமம்கூட இன்னும் அழியவில்லை. இதுவரை பதினோரு கொசு.