துரைசானியின் கோழிகளுக்குச் சுடுநீர்

பினாங்கு, 1927 ஜனவரி 9, ஞாயிறு

மழை நின்று பத்து நாள். வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஆறு சீமைக் கோழிகளும் நலம். முட்டை ஐந்து.

துரையும் துரைசானியும் சீமைக்குப் போய் ஐந்து வாரம். திரும்பும்வரை அவர்களுடைய கோழிகள் என் கொல்லையில். ஒன்றும் கெடாமல் ஒப்படைத்தால் தலைமைக் குமாஸ்தா வேலைக்கு என் பெயரைச் சொல்வதாகத் துரையின் வாக்கு.

துரைசானி தன் கைப்பட எழுதித் தந்த தாள் சமையலறைச் சுவரில். ஏழாவது விதி: டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, காலையும் மாலையும், தண்ணீர்த் தட்டில் சுடுநீர். ஒரு வேளைகூடத் தவறியதில்லை.

என் மனைவி நேசத்துக்குப் பொறுக்கவில்லை. "இந்த வெயிலுக்கை ஆரப்பா கோழிக்குச் சுடுதண்ணி வைக்கிறது?"

"சீமைக் கோழி. அதின்ரை உடம்பு வேறை. நீ பேசாமல் இரு."

முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். அவளுக்கு எழுத்தில் உள்ள கட்டளையின் மதிப்புத் தெரியாது.

துரைசானிக்குக் கடிதம் எழுதி முடித்தேன். சுடுநீர் மிக நன்றாக ஒத்துக்கொண்டது, முட்டை கூடியிருக்கிறது. நாளை தபாலில்.

ஜனவரி 11, செவ்வாய்

விடியற்காலை நேசத்தை அக்கரையில் இருக்கும் பிறை ஊருக்குப் படகேற்றினேன். அங்கே அவள் தங்கைக்குப் பிரசவம். ஒரு வாரம் நான் தனி. வாங்க வேண்டியவை: சவர்க்காரம், நெருப்புப் பெட்டி, தவிடு. சோறு குழைந்துவிட்டது. முட்டை ஐந்து.

ஜனவரி 13, வியாழன்

முட்டை ஒன்று. கோழிகள் வாயைப் பிளந்துகொண்டு நிற்கின்றன. வெயிலில் கிடக்கும் தகரத் தட்டில் தண்ணீர் ஆறவுமில்லை, குறையவுமில்லை. குளிர் பிடித்துவிட்டதோ? இன்னும் கொஞ்சம் சூடாக வைத்தேன்.

ஜனவரி 14, வெள்ளி

பொங்கல். பொங்கவில்லை. மத்தியானம் வெள்ளைப் பேடு செத்துக் கிடந்தது. காலையில்கூட நடமாடியதே! எழுத்து கோணுகிறது.

ஜனவரி 15, சனி

காலையில் இன்னும் இரண்டு. மொத்தம் மூன்று. ஐயோ.

ஆயர் ஈத்தாம் சந்தையில் கோழி விற்கும் காதர் பாயைக் கையோடு அழைத்து வந்தேன். தட்டில் விரலை வைத்தார். வெடுக்கென்று எடுத்தார்.

"யா அல்லா! தம்பி, இது கோழி குடிக்க வச்சதா, முட்டை அவிக்க வச்சதா?"

தாளைக் காட்டினேன்.

"தாள் என்னாத்துக்கு லா? கோழிய பாருங்க!"

தட்டைக் கவிழ்த்துவிட்டுக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினார். மிச்சம் மூன்றும் விழுந்தடித்து ஓடி வந்தன. குடித்தன, குடித்தன, குடித்துக்கொண்டே இருந்தன. என்னால் பார்க்க முடியவில்லை. உள்ளே போய்விட்டேன்.

அவர் போனபின், தாளோடு துரைசானி விட்டுப்போன கோழி வளர்ப்பு அச்சுப் புத்தகத்தை முதல் தடவையாகத் திறந்தேன். அவள் அதைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறாள். சீமையில் அச்சானது. ஏழாவது விதியில் அவள் எழுதாமல் விட்ட ஒரு வரி: தண்ணீர் பனிக்கட்டியாக உறைந்துவிடாமல் இருக்க.

பினாங்கில்! பனிக்கட்டி!

திரும்பத் திரும்பப் படித்தேன். பதினேழு வருடமாகக் கந்தோரில் குமாஸ்தாவாக நான் செய்வதும் இதுதான், பார்த்து எழுதுவது. ஏன் என்று ஒரு நாள் கேட்டிருப்பேனா? வெட்கம்.

ஜனவரி 18, செவ்வாய்

நேசம் வந்துவிட்டாள். தங்கைக்குப் பெண் குழந்தை, சுகப் பிரசவம். பெட்டியை வைத்ததும் நேரே கொல்லைக்குப் போனாள்.

"மற்ற மூண்டும் எங்கை?"

சொன்னேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஐயோ, நான் போகேக்கை உங்களுக்குச் சொல்லியிருக்க வேணும்."

"என்னத்தை?"

"நீங்கள் கந்தோருக்கு வெளிக்கிட்ட உடனை அந்தத் தண்ணியை ஊத்திப்போட்டுக் கிணத்துத் தண்ணிதான் வைச்சனான். பின்னேரம் நீங்கள் குளிக்கப் போகேக்கையும் அப்பிடித்தான். சொன்னால் ஏசுவியள் எண்டு..."

"ஐஞ்சு கிழமையுமோ?"

"ஓம்."

அந்த முட்டைகள் எல்லாம் இவளுடைய தண்ணீரால் வந்தவை.

துரைசானிக்கு எழுதிய கடிதம் கப்பலேறி ஒரு வாரம். சுடுநீர் மிக நன்றாக ஒத்துக்கொண்டது. கீழே என் கையெழுத்து.