அக்கரைத் துணிக்கொடி

மில் கோவ், நியூ பிரன்ஸ்விக்
16 மார்ச் 2025

அன்புள்ள ஹெதருக்கு,

போன மாதம் பேசிக்கொண்டிருக்கும்போதே தொலைபேசியைப் பட்டென்று வைத்துவிட்டேன். மன்னித்துக்கொள். கனடாக்காரன் மன்னிப்புக் கேட்காமல் ஒரு கடிதத்தைக்கூடத் தொடங்கமாட்டான் என்று உன் கணவன் டுவெய்ன் சிரிப்பான். சிரிக்கட்டும். நாம் பேசினால் சண்டையில் முடிகிறது. எழுதினால் மரியாதையாவது மிஞ்சும். இனி எழுதுவோம்.

என் சமையலறை ஜன்னலிலிருந்து உன் கொல்லைப்புறம் ஆற்றுக்குக் குறுக்கே அறுநூறு மீட்டர். இந்தக் கடிதம் இரண்டு நாட்டிலும் ஆயிரம் மைல் சுற்றிக்கொண்டு ஒன்பது நாளில் உன்னிடம் வரும். இரண்டு நாடுகளும் இருக்கும் இருப்புக்கு இது பொருத்தமான வேகம்தான்.

நம் ஊர் கர்லிங் சங்கத்துப் பலகையில், பனித்தரையில் கல் உருட்டி ஆடுவோமே அங்கே, ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம். உங்கள் அமெரிக்கத் தலைநகரத்தில் எங்களை ஐம்பத்தோராவது மாநிலம் என்பதை விட்டு ஒரு நாடாக மதித்துப் பேசும்வரை ஆற்றைத் தாண்டுவதில்லை என்று உறுதிமொழி. நூற்று நாற்பத்து மூன்று பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். முதல் கையெழுத்து என்னுடையது. பள்ளியில் முப்பது வருடம் சரித்திரம் சொல்லிக் கொடுத்தவன் முதலில் போடாமல் வேறு யார் போடுவது?

உன் கல்யாண விருந்தில் டுவெய்ன் கோப்பையைத் தூக்கிக்கொண்டு பேசியது நினைவிருக்கிறதா? "மச்சான், நீங்கள்லாம் மேல் மாடில குடியிருக்கிற சத்தமே போடாத குடித்தனக்காரங்க. இருக்கீங்களா இல்லையான்னே எங்களுக்கு மறந்துபோயிடும்!" எல்லோரும் சிரித்தார்கள். நம் பக்கத்து ஆட்கள் இன்னும் கூடுதலாகச் சிரித்தார்கள். இருபத்தெட்டு வருடம் ஆகிவிட்டது. எனக்கு மறக்கவில்லை.

நீ இங்கே வரலாம். உறுதிமொழி உனக்கில்லை.

உன் அண்ணன்,
லோர்ன்


ஹார்லோ, மெயின்
2 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணா,

கடிதம் வந்தது. உன் கையெழுத்தைப் பார்த்ததும் பள்ளிக்கூடத்தில் என் கட்டுரைகளை நீ திருத்திக் கொடுத்தது நினைவு வந்தது. இதையும் சிவப்பு மையில் திருத்தி அனுப்பாதே.

டுவெய்னிடம் உறுதிமொழியைச் சொன்னேன். "நூத்தி நாப்பத்தி மூணு பேரா? அப்போ சனிக்கிழமை இங்க மலிவா பெட்ரோல் போட வர்ற வரிசை குறைஞ்சிடும்" என்றான். அவன் பேச்சே அப்படித்தான். அவனுக்கு நெஞ்சிலிருந்து நாக்கு வரைக்கும் ஒரே பாதை, நடுவில் கதவு கிடையாது.

எனக்குப் போன வாரம் ஒரு சின்ன அறுவை சிகிச்சை. மார்பில் ஏதோ கட்டி. எடுத்துவிட்டார்கள். பயப்படும்படி ஒன்றுமில்லை. கொஞ்ச நாள் ஆஸ்பத்திரிக்குப் போய்வரவேண்டியிருக்கும். வாய்க்குத்தான் எதுவும் பிடிக்கவில்லை. பனி கரைந்ததும் நம் கரையில் முளைக்குமே பெரணித் தளிர், அதை வெண்ணெயில் வதக்கித் தின்றால் தேவலை என்று இருக்கிறது.

நேரம் இருந்தால் ஒரு நடை வந்துவிட்டுப் போயேன். சும்மாதான் கேட்டேன்.

உன் தங்கை,
ஹெதர்


மில் கோவ்
14 மே 2025

அன்புள்ள ஹெதருக்கு,

ஒன்றுமில்லை என்று எழுதியிருந்தாய், நிம்மதி. உங்கள் ஆஸ்பத்திரிகளில் ஒன்றுமில்லாததற்கும் கத்தி வைப்பார்கள் என்று தெரியும். கட்டி என்றதும் வெட்டிவிட்டுத்தான் மறுபேச்சு. இங்கே என்றால் காத்திருக்கச் சொல்வார்கள். காத்திருந்தால் பாதி வியாதி தானாகப் போய்விடும். சிரிக்காதே, எனக்கு முழங்கால் வலி அப்படித்தான் போனது.

பெரணித் தளிர் உங்கள் கரையிலும் அதேதான் முளைக்கிறது. ஆறு ஒன்று, மண் ஒன்று. டுவெய்னைக் குனிந்து பறிக்கச் சொல்.

ஏப்ரலிலிருந்து உன் துணிக்கொடி காலியாகக் கிடக்கிறது. தினமும் காலையில் தேநீர் குடித்துக்கொண்டே பார்க்கிறேன். அம்மா சொல்லிக் கொடுத்ததுபோல் பெரியது முதலில், சிறியது கடைசியில் என்று நீ வரிசையாகப் போடுவாய். அது எனக்குக் கடிகாரம் மாதிரி. இப்போது நீயும் உலர்த்தும் இயந்திரத்துக்கு மாறிவிட்டாய் போலிருக்கிறது. வெயில் சும்மா கிடைக்கும்போது மின்சாரத்தைக் கொளுத்துவதற்கு அங்கே பிறந்திருக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். இருபத்தெட்டு வருடம் போதும் என்று தெரிகிறது.

நான் வருவதற்கில்லை. கையெழுத்துப் போட்ட முதல் ஆளே எல்லைப் பாலத்தில் நின்றால் ஊர் என்ன சொல்லும்? பல்கலைக்கழகத்தில் எனக்கு வரவேண்டிய இடத்தை ஒஹாயோவிலிருந்து வந்த அமெரிக்கனுக்குக் கொடுத்தபோது, "பரவாயில்லை" என்று புன்னகைத்துவிட்டு வந்தவன் நான். அன்று விட்டுக்கொடுத்தது போதும்.

அண்ணன்,
லோர்ன்


ஹார்லோ
9 ஜூன் 2025

அன்புள்ள அண்ணா,

நீ கண்டுபிடித்தது சரி. டுவெய்ன் இயந்திரம் வாங்கி வைத்திருக்கிறான். இடது கையைத் தூக்க முடியவில்லை, கொடி எட்டவில்லை. வேறொன்றுமில்லை.

தளிரும் அவன்தான் பறித்துவந்தான். ஒரு சாக்கு நிறைய. பாதி புல். "பச்சையா இருந்தது, பறிச்சேன்" என்றான். இரண்டு பேரும் உட்கார்ந்து பொறுக்கினோம். நன்றாகத்தான் இருந்தது. நம் கரையில் பறித்ததுபோல் இல்லை.

எனக்கு ஒன்று தோன்றியது. ஜூலை முதல் தேதி, உங்கள் கனடா தினக் கொண்டாட்டம். அன்று மாலை ஏழு மணிக்கு நான் எங்கள் கரையில் நாற்காலி போட்டு உட்காருகிறேன். நீ உன் கரைக்கு வா. உன் உறுதிமொழியும் கெடாது. சின்ன வயதில் பனி உறைந்தபோது இந்த ஆற்றில் இப்படியும் அப்படியும் சறுக்கிக்கொண்டு திரிந்தோமே, அப்போது எந்த நாட்டில் விழுந்தோம் என்று யார் பார்த்தார்கள்?

தங்கை,
ஹெதர்


மில் கோவ்
3 ஜூலை 2025

அன்புள்ள ஹெதருக்கு,

வந்தேன், பார்த்தாய் அல்லவா? கை காட்டினேன். நீயும் காட்டினாய், வலது கையை. டுவெய்ன் உன் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு ஏதோ கத்தினான். ஆற்றுச் சத்தத்தில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. "நேரா வந்து பாரு" என்று ஏதோ சவால் விட்டதுபோல் இருந்தது. நம் ஆட்கள் ஆற்றங்கரையில் நின்று கத்துவதில்லை.

ஜூலையில் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாயே! காது வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு. அங்கே இருப்பவர்களுக்குக் குளிரென்றால் ஆகாது என்று வகுப்பில் பிள்ளைகளிடம் வேடிக்கையாகச் சொல்வேன். உன்னையே உதாரணம் காட்டவேண்டியதாகிவிட்டது.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அவர்களுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம் என்று நிறைய யோசித்திருக்கிறேன். அவர்களுக்கு எதையும் வாய்விட்டுச் சொன்னால்தான் புரியும். நாம் சொல்லாததையும் கேட்கத் தெரிந்தவர்கள். மேல் மாடியில் குடியிருப்பவனுக்குக் கீழே நடக்கும் ஒவ்வொரு சத்தமும் தெரியும். கீழே இருப்பவனுக்கு ஒன்றும் தெரியாது.

அண்ணன்,
லோர்ன்


ஹார்லோ
20 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணா,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். பார்த்தாயா, எனக்கும் இன்னும் அந்தப் பழக்கம் போகவில்லை. டுவெய்ன் என்னைக் கேலி செய்வான்: "மேசைல இடிச்சிக்கிட்டு மேசைகிட்டயே சாரி சொல்றவளைக் கட்டிக்கிட்டேன்."

தொப்பி அவன் வாங்கித் தந்தது. தலைக்கு இதமாக இருக்கிறது.

அன்று அவன் கத்தினது சவால் இல்லை. "உங்க அண்ணன்கிட்ட நேராச் சொல்லிடு, வரச் சொல்லு" என்று தினமும் என்னோடு சண்டை போடுகிறான். நான்தான் வேண்டாம் என்கிறேன். நீ எழுதியிருந்தாயே, நாம் சொல்லாததையும் கேட்கத் தெரிந்தவர்கள் என்று. அதை அவனுக்குப் படித்துக் காட்டினேன். எழுந்து வெளியே போய்விட்டான்.

இனி வாரம் ஒருமுறை கொடியில் துணி போடப்போகிறோம். பார்.

தங்கை,
ஹெதர்


மில் கோவ்
14 அக்டோபர் 2025

அன்புள்ள ஹெதருக்கு,

நேற்று எங்கள் நன்றி நாள் விருந்து. ஒவ்வொரு வருடமும் நீ வருவாய் என்பதால் உனக்கும் தட்டு வைத்தேன். வான்கோழிக்குப் பதில் கோழிதான், இரண்டு பேருக்கு அது போதும். ஆறு மணிவரை பார்த்தேன். நீ வரவில்லை. அழைக்கவில்லையே என்று இருந்துவிட்டாயா? நம் வீட்டில் யாரை யார் அழைத்திருக்கிறோம்? வருவார்கள், தட்டு இருக்கும். அதையும் மறந்துவிட்டாய். நான் ஒன்றும் வருத்தப்படவில்லை. தகவலுக்காக எழுதுகிறேன்.

செப்டம்பரிலிருந்து கொடியில் துணி தெரிகிறது. ஆனால் என்ன லட்சணம்! சட்டைகளைத் தோளில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருக்கிறது, ஆள் ஆளாகத் தூக்கில் தொங்குகிற மாதிரி. ஒரு காலுறை இந்த மூலையில், இன்னொன்று அந்த மூலையில். படுக்கை விரிப்பு புல்லில் புரள்கிறது. டுவெய்னிடம் வேலையைக் கொடுத்துவிட்டு நீ உள்ளே உட்கார்ந்திருக்கிறாய் என்று பார்த்தவுடன் புரிந்தது. அமெரிக்க மகாராணி! தொலைநோக்கியை எடுத்துப் பார்த்து நன்றாகச் சிரித்தேன்.

அண்ணன்,
லோர்ன்


ஹார்லோ
24 அக்டோபர் 2025

அண்ணா,

பேனாவை நெடுநேரம் பிடிக்க முடியவில்லை, அதனால் சுருக்கமாக.

நீ தட்டு வைப்பாய் என்று தெரியும். வர முடியவில்லை.

சிரித்தாய் என்று எழுதியிருந்தாய். சரி.

நேரம் இருந்தால் வா. இல்லையென்றாலும் பரவாயில்லை.

ஹெதர்


ஹார்லோ
6 நவம்பர் 2025

லோர்ன்,

டுவெய்ன் எழுதுகிறேன். எனக்குக் கடிதம் எழுத வராது.

ஹெதர் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் இறந்துவிட்டாள். மார்புப் புற்றுநோய். மார்ச்சிலேயே தெரியும். ஈரலுக்குப் போய்விட்டது. நேற்று புதன்கிழமை அடக்கம் செய்தோம். ஞாயிறு காலையில் உனக்கு மூன்று முறை தொலைபேசியில் கூப்பிட்டேன். திங்கள், செவ்வாயும் கூப்பிட்டேன். நீ எடுக்கவில்லை. கதவைத் தட்டியிருக்க வேண்டும். எனக்குக் கோபம். தட்டவில்லை.

உன்னிடம் சொல்லக்கூடாது என்று அவள் என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். எத்தனையோ தடவை சொன்னேன், "ஒரே ஒரு வார்த்தை எழுது. சாகக் கிடக்கறேன், வான்னு எழுது." அவள் சொன்னாள்: "எங்க ஊர்ல அப்படிக் கேக்கமாட்டோம் டுவெய்ன். அவன் என் அண்ணன். தெரிஞ்சுக்குவான்."

துணி விஷயமும் சொல்லிவிடுகிறேன். இயந்திரம் இருக்கும்போது நான் ஏன் கொடியில் போட்டேன் என்று நினைக்கிறாய்? அவள் போடச் சொன்னாள். ஜன்னலோரம் படுத்துக்கொண்டு பார்ப்பாள். நான் சரியாகப் போட வந்தால், "வேண்டாம், உனக்குத் தெரிஞ்ச மாதிரி போடு. அண்ணன் பாப்பான். இது ஹெதர் போட்டது இல்லைன்னு பாத்த உடனே தெரியும். வந்துருவான்" என்பாள்.

உன் கடைசிக் கடிதத்தை நான்தான் அவளுக்குப் படித்துக் காட்டினேன். தூக்கில் தொங்குகிற இடத்தை விட்டுவிட்டுப் படித்தேன். மகாராணி என்று படித்தபோது சிரித்தாள்.

உன்னைத் திட்ட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். இப்போது முடியவில்லை. கல்லறை, தேவாலயத்துக்குப் பின்னால், வேலியோரம். அங்கிருந்து உன் வீடு தெரியும். அவள் கேட்ட இடம்.

டுவெய்ன் பிங்கம்


மில் கோவ்
17 நவம்பர் 2025

டுவெய்னுக்கு,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது.

ஞாயிறு காலை தொலைபேசி மணி அடித்தது தெரியும். உன் எண் என்றும் தெரியும். அதற்கு முந்தைய இரவுதான் எங்கள் டொரண்டோ அணி பேஸ்பால் இறுதி ஆட்டத்தில் அமெரிக்க அணியிடம் தோற்றிருந்தது. கெக்கலி கொட்டக் கூப்பிடுகிறாய் என்று நினைத்தேன். மூன்றாவது முறை மணி அடித்தபோது, இவர்களுக்கு ஜெயித்தால் மட்டும் போதாது என்று தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சொன்னேன்.

அவளுடைய கடைசிக் கடிதம் அவள் போனதற்கு மறுநாள், திங்கட்கிழமை வந்தது. பரவாயில்லை என்று எழுதியிருந்தாள். அப்படியே எடுத்துக்கொண்டேன். வேறு யாராவது அப்படி எழுதியிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். அதுவும் நிச்சயமில்லை.

அந்தப் புதன்கிழமை உன் கொல்லையில் இருபது வண்டிகள் நின்றன. நவம்பரில்கூட வெளியே அடுப்பு மூட்டிக் கறி சுட்டுத் தின்கிறார்கள் என்று நினைத்தேன். தொலைநோக்கியை எடுக்கவில்லை.

கர்லிங் சங்கத்தில் நாலைந்து பேருக்கு அவள் இறந்தது தெரிந்திருக்கிறது. எனக்கும் தெரிந்திருக்கும், துக்கத்தில் இருப்பவனிடம் பேச்செடுக்கக்கூடாது என்று இருந்திருக்கிறார்கள். பத்து நாள் ஒவ்வொருவரும் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். மறுபடி வந்த முழங்கால் வலிக்காக என்று நினைத்தேன். நேற்று அங்கே போய் உறுதிமொழித் தாளில் என் பெயரைக் கோடு போட்டு அடித்தேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

அழுகை வரவில்லை. வரும் என்று சொல்கிறார்கள். காலையில் எழுந்து தேநீர் போட்டுக்கொண்டு ஜன்னலுக்குப் போகிறேன். கொடி காலியாக இருக்கிறது. பார்த்துவிட்டு வந்து உட்காருகிறேன்.

நீ விட்டுவிட்டுப் படித்த இடத்துக்காக உனக்கு நான் என்ன சொல்ல வேண்டும் என்று தெரியவில்லை. மன்னிப்பு என்ற வார்த்தையை நாங்கள் மேசைக்கும் நாற்காலிக்கும் சொல்லித் தீர்த்துவிட்டோம்.

சட்டையைத் தோளில் மாட்டாதே. தலைகீழாக, கீழ் விளிம்பில் கிளிப் போடு. அவள் அப்படித்தான் போடுவாள்.

29ஆம் தேதி சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வரலாம் என்றிருக்கிறேன். வரலாமா என்று உன்னைக் கேட்கிறேன். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்.

பாலத்தில் எதற்காக வருகிறீர்கள் என்று எல்லை அதிகாரிகள் கேட்பார்கள். இருபத்தெட்டு வருடமும் ஒரே பதில்தான் சொன்னேன், தங்கச்சியைப் பார்க்க என்று. இனி என்ன சொல்வது என்று தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் சொல். நேராகவே சொல். தொலைபேசியை எடுக்கிறேன்.

லோர்ன்