பாய்லர் அறையில் இருந்த என் அக்காவுக்கு

அக்கா,

வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கிற டீக்கடையில் இன்று காலை தைலமரக் கட்டை எரித்தார்கள். வழக்கமாகக் கருவேல விறகுதான் வாங்குவார்கள். மலையிலிருந்து வந்த லாரிக்காரர் யாரோ இறக்கிவிட்டுப் போயிருக்க வேண்டும். பாதி காய்ந்த கட்டை. தீயைவிடப் புகைதான் அதிகம். அந்த வாசனை தெருவைத் தாண்டி வந்ததும், தையல் கடைக்கு ஓடுகிற அவசரத்திலும் என் கால் நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். நீ பின்னால் வருகிறாயா, இந்தப் புகையில் உன்னால் மூச்சுவிட முடிகிறதா என்று பார்த்தேன். நீ போய் இத்தனை காலம் ஆகியும், புகை கண்ணில் பட்டால் நான் முதலில் தேடுவது உன்னைத்தான்.

மலைமேல் இருந்த நம் வீட்டை அப்பாதான் கட்டினார். அவர் மிஷன் பங்களாக்களில் தச்சு வேலை பார்த்தவர். அங்கே கண்டதெல்லாம் தன் வீட்டிலும் இருக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. நாயுடுபுரத்துக்கு மேலே அந்தச் சரிவில் கல்சுவர் எழுப்பித் தகரக் கூரை போட்டார். முன்னறையில் குளிர்காய ஒரு கணப்பு, அதற்கு மேலே புகைக்கூண்டு, பின்னால் தனி அறையில் வெந்நீருக்குச் செம்பு பாய்லர். அம்மாவும் அவரும் அடுத்தடுத்துப் போன பிறகு அந்த வீட்டில் நாம் இரண்டு பேர்தான். உனக்குக் கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் தங்கச்சிக்கு முதலில் ஆகட்டும் என்றாய். எனக்கு வந்தபோது நான் உன்னைக் காட்டினேன். அப்படியே இருந்துவிட்டோம். நான் பள்ளி ஹாஸ்டலில் தையல் அறைக்குப் போனேன். நீ ஒரு விருந்தினர் விடுதியில் துணி வெளுக்கப் போனாய்.

அந்த வேலைதான் உன் நெஞ்சைக் கெடுத்தது என்று நான் நினைக்கிறேன். ஆவியிலும் ஈரத்திலும் நின்று நின்று உனக்கு இழுப்பு வந்தது. முதலில் மழை நாட்களில் மட்டும் வந்தது. பிறகு பனி நாட்களிலும் வந்தது. கடைசியில் மேட்டில் நாலு எட்டு ஏறினாலே சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாய். தோள்கள் இரண்டும் மேலே ஏறி இறங்கும். கணப்பை மூட்டலாம் என்றால், பல வருஷமாகச் சுத்தம் செய்யாத புகைக்கூண்டு புகையை அறைக்குள்ளேயே திருப்பி அனுப்பும். மூட்டாவிட்டால் குளிர் உன் நெஞ்சில் இறங்கும். இரண்டில் எது உன்னைக் குறைவாகக் கொல்லும் என்று பார்த்துப் பார்த்து நான் நாளை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் டாக்டர் உன்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் பேசினார். இன்னொரு பனிக்காலத்தை நீ அங்கே தாண்டுவது கஷ்டம் என்றார். "வெரசா கீழ எறங்கிருங்கம்மா" என்று அவர் சொன்னது மட்டும் அப்படியே காதில் இருக்கிறது. கீழே நமக்கு யார் இருந்தார்கள்? வீட்டை விற்றால்தான் கீழே ஒரு வாழ்க்கை. சீசன் முடிந்த பிறகு மலையில் வீடு வாங்க வருகிறவர் யார்?

ஒரே ஒருவர் வந்தார். மதுரையில் ஏதோ மில்லில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கோடையில் வந்து தங்க ஒரு வீடு தேடினார். நம் முன்வாசலில் நின்றால் பள்ளத்தாக்கு தெரிகிறதே, அது அவருக்குப் பிடித்துவிட்டது. அவர் மனைவிக்கு முழங்கால் வலி. கணப்பு எரிய வேண்டும், குழாயைத் திறந்தால் வெந்நீர் வர வேண்டும், இரண்டையும் கண்ணால் பார்த்த பிறகுதான் மற்றப் பேச்சு என்று அந்த அம்மா சொல்லிவிட்டார். தீபாவளி கழிந்ததும் மறுபடி வருவதாகச் சொல்லிப் போனார்கள்.

பாய்லர் வேலை சீக்கிரம் முடிந்தது. பஜாரிலிருந்து ஈயம் பூசுகிறவரை அழைத்து வந்தேன். அடியில் கசிந்த இடத்தை அவர் அடைத்தார். குழாய்க்குள் சுண்ணாம்பு மாதிரிப் படிந்திருந்ததைக் கம்பியால் குத்திக் குத்தி வெளியே எடுத்தார். புகைக்கூண்டுக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. அந்த வேலை தெரிந்தவர் பள்ளங்கியிலிருந்த கொத்தனார் சவரிமுத்து அண்ணன். அவருக்குச் சொந்தமாகப் பூண்டுக் காடு இருந்தது. நான் போய்க் கேட்கும்போதெல்லாம் பூண்டு மண்ணுக்குள்ள கெடக்கு, மழை பேஞ்சா அழுகிரும், எடுத்து முடிச்சிட்டு வாரேன் என்றே சொன்னார். அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் மேகம் இறங்கிக்கொண்டே இருந்தது. நீ படுக்க முடியாமல் உட்கார்ந்தே தூங்கிக்கொண்டிருந்தாய். கடைசியாக ஒரு நாள் அந்தக் காட்டின் வரப்பில் நின்று, வேறு வழி தெரியாமல் சொன்னேன்.

"இந்த வீடு விக்கலேன்னா எங்க அக்கா செத்துப்போவாங்க அண்ணே."

அவர் களைக்கொத்தை வரப்பில் வைத்துவிட்டு, கயிற்றை எடுத்துக்கொண்டு என்னோடு நடந்து வந்துவிட்டார்.

உன்னைப் பக்கத்து வீட்டில் உட்கார வைத்துவிட்டு வந்தேன். கரி கிளம்பும், முடிகிற வரைக்கும் வந்துவிடாதே என்று சத்தியம் வாங்காத குறையாகச் சொன்னேன். அண்ணன் கூரைமேல் ஏறினார். முள்செடியைக் கட்டாகக் கட்டி, அடியில் கல் தொங்கவிட்டு, புகைக்கூண்டுக்குள் இறக்கி இறக்கி இழுத்தார். நான் முகத்தில் ஈரத்துணி கட்டிக்கொண்டு கீழே கரியை அள்ளினேன். குருவிக்கூடு வந்தது, கருகிய செங்கல் துண்டுகள் வந்தன. பிறகு எங்கோ அடைத்துக்கொண்டிருந்த மொத்தமும் ஒரே சமயத்தில் சரிந்து விழுந்தது. தகரம் அதிர்ந்த சத்தம் அடுத்த வீடுவரை கேட்டிருக்கிறது. நான்தான் கூரையிலிருந்து விழுந்துவிட்டேன் என்று நினைத்து நீ ஓடி வந்தாய். நாலு எட்டு ஏற முடியாத நீ அந்த மேட்டில் ஓடி வந்து, கண் தெரியாத கருப்புக்குள் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட வாயைத் திறந்தாய். பெயர் பாதியில் நின்றது.

உன்னை வெளியே தூக்கிக்கொண்டு போய் உட்கார வைத்தோம். அண்ணன் உன் முதுகைத் தேய்த்துக்கொண்டே அழுதார். அன்றைக்கே கூண்டுக்குள் இருந்த வெடிப்பைச் சுண்ணாம்புச் சாந்தால் பூசினார். துருப்பிடித்த மூடியைக் கழற்றிப் புதுத் தகரத்தில் ஒன்று செய்து மாட்டினார். வேலை நல்ல வேலை. ஆனால் உனக்கு அந்த இழுப்பு இறங்கவே இல்லை. சாந்து காய்ந்து, மதுரைக்காரர் வருகிற நாள் வந்தபோதும் நீ தலையணையை மடியில் வைத்து அதன்மேல் கவிழ்ந்திருந்தாய். வெளியே மழை. உன்னை வேறு வீட்டுக்குக் கொண்டுபோகவும் வழியில்லை.

கார் சத்தம் கேட்டதும் நீயாகவே எழுந்தாய்.

"இப்படி என்னையப் பாத்தா காசம்னு நெனப்பாக. நான் பாய்லருகிட்டப் போயி உக்காந்துக்கிறேன். தீ தள்ளவும் ஆளு வேணும்ல."

வேண்டாம் என்று சொல்ல எனக்கு நேரம் கிடைக்கவில்லை. நீ சுவரைப் பிடித்துப் பிடித்துப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய்.

அன்று கணப்பு எரிந்ததைப் போல அந்த வீட்டில் என்றைக்கும் எரிந்ததில்லை அக்கா. தீக்குச்சி வைத்ததும் பிடித்துக்கொண்டது. ஒரு இழை புகைகூட அறைக்குள் வரவில்லை. எல்லாம் நேரே மேலே போனது. அந்த அம்மா நனைந்த செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியை இழுத்துப்போட்டு, முழங்காலைத் தீயின் பக்கம் நீட்டி உட்கார்ந்தார். கணவரைப் பார்த்துச் சிரித்தார். அவர் எப்போது காலி செய்வீர்கள் என்றுகூடக் கேட்டுவிட்டார். என் காதில் உன் மூச்சுச் சத்தம் சுவரைத் தாண்டிக் கேட்டபடியே இருந்தது. அவர்களுக்கும் கேட்டுவிடுமோ என்று நான் விறகை வேண்டுமென்றே சத்தமாகப் போட்டேன். அப்படியும், இறங்கிவிடலாம், இந்த மாதமே இறங்கிவிடலாம் என்று என் மனம் துள்ளியது.

பிறகு அந்த அம்மா பாய்லரைப் பார்க்க வேண்டும் என்றார். நான் குழாயைத் திறந்து வெந்நீரைக் காட்டினேன். போதவில்லை. எத்தனை விறகு தின்னும் என்று பார்க்கிறேன் என்று தானே போய்க் கதவைத் திறந்தார்.

நீ தரையில் குத்துக்காலிட்டு, சேலை முந்தியை வாயில் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. கையில் விறகு. யார் இது என்று அந்த அம்மா என்னைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நீ முந்தியை எடுத்தாய்.

"வேலைக்காரிங்கம்மா."

அந்த அம்மா கெட்டவர் இல்லை. பாய்லரெல்லாம் பழகினவளாக இருக்கிறாயே, வீட்டோடு நீயும் இருந்துகொள்கிறாயா என்று அன்பாகத்தான் கேட்டார். நீ தலையை ஆட்டினாய். அப்போது அடக்கி வைத்திருந்த மூச்சு உன்னை மீறி வந்தது. ஊதுகுழல் மாதிரி அந்தச் சத்தம். நீ சுவரைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாய். சொல்லாதே என்றது அந்தப் பார்வை. எனக்குப் புரிந்தது. புரிந்தும் என்னால் முடியவில்லை.

"வேலைக்காரி இல்லீங்க. எங்க அக்கா. இழுப்புங்க. ஒட்டுற வியாதி இல்லீங்க" என்றேன்.

அந்த அம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார். லீவுக்குப் பேரப்பிள்ளைகள் வருவார்களே என்று கணவரிடம் மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது. அவர் குடையை எடுத்தார். ஆளிடம் சொல்லி அனுப்புகிறேன் என்றார். கணப்பு அப்போதும் அழகாக எரிந்துகொண்டிருந்தது.

நீ என்னோடு பேச இரண்டு நாள் ஆனது. "ஒரு வார்த்த. அத முழுங்கியிருந்தா எறங்கிப் போயிருக்கலாம்ல பாப்பா" என்றாய். எப்படி முழுங்குவது என்று கேட்டேன். "நான் முழுங்கலையா?" என்றாய்.

ஆள் யாரும் வரவில்லை. நீ மட்டும் நம்பிக்கொண்டிருந்தாய். வாசலில் யார் நடந்தாலும் எழுந்து உட்காருவாய். புகையில்லாத கணப்பு கொஞ்ச நாள் உன்னைத் தாங்கியது. அதன்முன் கம்பளி போர்த்தி உட்கார்ந்து, அப்பா இதைப் பார்க்கவில்லையே என்றாய். பிறகு உறைபனி விழ ஆரம்பித்தது. விறகெல்லாம் ஈரம். ஒரு விடிகாலை உன் உதடு நீலமாக இருந்தது. விற்காமல் வரமாட்டேன் என்று அப்போதும் தலையாட்டினாய். நான் கேட்கவில்லை. சவரிமுத்து அண்ணனும் அவர் தம்பியும் உன்னை நாற்காலியோடு தூக்கிவந்து பஸ்ஸில் ஏற்றினார்கள். வீட்டைப் பூட்டினேன். கையில் வேலையும் இல்லை, போகிற இடத்தில் அறையும் இல்லை. ஒவ்வொரு வளைவிலும் உன் மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். வத்தலக்குண்டில் இறங்கியபோது நீ கண்ணைத் திறந்து, "சூடா இருக்கு" என்றாய். நடு பஸ் ஸ்டாண்டில் உன்னைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

அந்தக் கோடை முழுவதும் எனக்கு நீ கிடைத்தாய். வாழைக்காய் மண்டிக்குப் பின்னால் ஓர் அறை. எனக்குத் தையல் கடையில் வேலை. நீ வாசலில் உட்கார்ந்து சட்டைகளுக்குப் பொத்தான் காஜா எடுத்துக் கொடுத்தாய். வெயில் ஏறுவதற்குள் வெள்ளனே சந்தைக்கு நடந்துபோய்க் கத்தரிக்காய்க்காரியோடு சண்டை போட்டு வருவாய். சண்டை போடுகிற அளவுக்கு உனக்கு மூச்சு இருந்தது! இனிப் பிழைத்துக்கொள்வாய் என்று முழுதாக நம்பினேன். ஐப்பசி மழை அங்கேயும் பெய்யும் என்பதை மறந்துவிட்டேன்.

வீடு நீ போன பிறகுதான் விலைபோனது. பள்ளியில் வேலைக்கு வந்த ஒரு குடும்பம் வாங்கியது. அவர்கள் கணப்பைப் பற்றியும் கேட்கவில்லை, பாய்லரைப் பற்றியும் கேட்கவில்லை. சாவியை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். அதற்காகத்தானா அவ்வளவும் என்று திரும்பி வருகிற பஸ்ஸில் எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகைக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாத சிரிப்பு.

அந்த ஐப்பசி மழையில் உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்த மதியம், என்னைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். சொந்தக்காரர்கள் மட்டும்தான் உள்ளே வரலாம் என்று சொல்லிவிட்டு, நர்ஸ் உன் பக்கம் குனிந்து வெளியே நிற்பது யார் என்று கேட்டார். கதவிடுக்கில் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் நெஞ்சு மேலே ஏறி அப்படியே நின்றது. ஒரு மூச்சுக்கு நீ எவ்வளவு பாடுபட்டாய் என்று எனக்குத் தெரியும். மூக்கிலிருந்த குழாயைக் கையால் விலக்கினாய்.

"என் தங்கச்சி" என்றாய். அது போதாது என்பது போல இன்னொரு தடவை காற்றை இழுத்து, "கூடப் பெறந்தவ" என்றாய்.

கதவைத் திறந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு நீ பேசவில்லை. உன் கையைப் பிடித்துக்கொண்டு சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தேன்.

அந்த இரண்டு மூச்சையும் நீ உனக்கென்று வைத்துக்கொண்டிருக்கலாம் அக்கா. எனக்குக் கொடுத்துவிட்டுப் போனாய். நான் அதை வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.