மூன்று ஓக் பலகைகள்

2025 நவம்பர் 9, ஞாயிறு, காலை 10.40. அனுப்பிய ஓக் பலகை மூன்று, வளைந்ததும் மூன்று.

அன்புள்ள அம்மாவுக்கு ஸ்தோத்திரம். உன் முழங்கால் வலியும் அப்பாவின் இருமலும் எப்படி என்று மறைக்காமல் எழுது. இங்கே குரோவேஷியாவில் குளிர்தான். கம்பெனியில் கோட்டு கொடுத்துவிட்டார்கள், பயப்படாதே.

அத்திப்பட்டுப் புது வீட்டுக்கு, நான் இங்கே அறுக்கும் ஓக் மரத்திலேயே தரை வேண்டும் என்றாய். தண்ணீர் ஊற்றினால் மரம் உப்பும், விளிம்பு தூக்கும் என்றேன். "சத்தியமா ஊத்தமாட்டேன்டா" என்றாய். ஒரு மாதம் பார்ப்போம் என்றுதான் பலகைகளை அனுப்பினேன். நேற்று வீடியோ காலில் அவை உன் பின்னால் படகு மாதிரிக் கிடந்தன.

"இன்னா நைனா பண்றது, தூசி ஏறிக்கினே இருந்துச்சு. ரெண்டு சொம்பு தண்ணிதான் ஊத்தினேன்" என்றாய்.

"சர்ச் தரையவே கழுவிட்டு வர்றவ, இத உட்டுவைப்பாளா?" என்றார் அப்பா.

எனக்குக் கோபமில்லை. ரூமுக்குப் போயும் சிரித்துக்கொண்டிருந்தேன். என் ரூமில் இருக்கும் ராபின் லீவுக்கு ஊருக்கு வருகிறான், அவன் திரும்பும்போது நெத்திலிக் கருவாடு கொடுத்தனுப்பு. நீ வீடு கழுவும்போது ஒருநாள் போனைப் போட்டுப் பக்கத்தில் வை. பேச வேண்டாம், சத்தம் கேட்டால் போதும்.

ராபின் ஏர்போர்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறான், இதை அவனிடம்தான் கொடுக்கிறேன். இனி நான் செய்யப்போவது:

1. இன்றே மேஸ்திரியைக் கூப்பிட்டு, ஹாலுக்கு டைல்ஸ் என்று சொல்லிவிடுவேன். ஆசை தீரக் கழுவு.
2. மாடி அறைக்கு மட்டும் ஓக். மார்ச்சில் லீவுக்கு வந்து நானே போடுவேன். அங்கே நீ சொம்போடு ஏறக் கூடாது.
3. வளைந்த பலகை ஒன்றை எறியாமல் வை. வந்த அன்று அதில் உட்கார்ந்துதான் சாப்பிடுவேன், ஆடினாலும் பரவாயில்லை.

பீட்டர்