இறுகிப்போன தோள்

அன்பு மகனுக்கு அம்மா எழுதறது. நானும் அப்பாவும் இங்கே இருக்கோம். நல்லா இருக்கோம்னு எழுதத்தான் நினைச்சேன், அப்படி எழுதிட்டா இந்தக் கடிதத்துக்கே வேலை இல்லாமப் போயிடும். நீயும் மருமகளும் சுட்டிப்பொண்ணும் நோய்நொடி இல்லாம இருக்கணும், அதுதான் எனக்கு வேணும். தினமும் போன்ல பேசறோமே, கடிதம் எதுக்குன்னு நினைப்பே. போன்ல நான் பேசறது ஒண்ணு விடாம அப்பா காதுல விழும்டா. உள்ரூம்ல போய்ப் பேசினா, யார்கிட்ட என்ன ரகசியம்னு குரல் கொடுப்பார். அதான் மாடிப்படியில உட்கார்ந்து இதை எழுதறேன். உள்ளே பிசியோ பொண்ணு அவருக்குக் கால் நீவிக்கிட்டு இருக்கு, அது முடிக்கறவரைக்கும் எனக்கு நேரம்.

நீ அனுப்பின மசாஜ் மெஷின் நல்லாத்தான் ஓடுது. ஆனா அதை முதுகுல வெச்சுப் பிடிக்க இன்னொரு கை வேணும், அந்தக் கை எங்கே இருக்கு இந்த வீட்ல? அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தப்பவே டாக்டர் சொல்லி அனுப்பினார், அசைய வராத கையையும் காலையும் தினம் நீவி மெதுவா நீட்டி மடக்கி விடணும், அப்படியே போட்டு வெச்சா தசை இறுகி விரலெல்லாம் உள்ளே சுருண்டுக்கும்னு. அதுக்குத்தான் தெருமுனை கிளினிக்ல இருந்து இந்தப் பொண்ணு வர ஆரம்பிச்சுது. உங்கப்பா என்ன பண்ணினார் தெரியுமா, துறைமுகத்துல அத்தனை பெரிய கிரேனை ஒத்தைக் கையால ஆட்டினவன், ஒரு சின்னப்பொண்ணுகிட்ட காலை நீட்டிக்கிட்டுக் கிடக்கணுமான்னு கத்தி அனுப்பிட்டார். அப்புறம் எல்லாம் என் கைதான். நீவறது, புரட்டறது, தூக்கி நாற்காலியில உட்கார வைக்கறது, திரும்பப் படுக்க வைக்கறது. கடைக்குப் போனாக்கூட அவர் கூப்பிடற மாதிரியே காதுல கேட்கும், பாதி சாமானோட ஓடி வந்துடுவேன். கீழே தெரு இருக்கு, ஜனங்க போறாங்க வர்றாங்கன்னு ஜன்னல் வழியாத்தான் எனக்குத் தெரியும். ராத்திரி படுத்தாலும் பல்லைக் கடிச்சுக்கிட்டே தூங்கியிருக்கேன் போல, காலையில தாடை வலிக்கும். கழுத்தைத் திருப்ப முடியாம, யாராவது கூப்பிட்டா முழு உடம்போட திரும்பினேன். உங்கப்பா அதைப் பார்த்து, என்னடி போலீஸ்காரன் மாதிரி திரும்பறியேன்னு கேலி பண்ணினார். நானும் சிரிச்சேன்.

போன மாசம் ஒரு காலையில அவரைக் கட்டில்லேர்ந்து நாற்காலிக்கு மாத்தறப்போ என் வலது தோள் அப்படியே பிடிச்சுக்கிச்சு. கை என் கை மாதிரியே இல்லை. ரெண்டு பேரும் சரிஞ்சு கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவுல விழுந்தோம். அவர் பாரம் முழுக்க என் மேல. நகரவும் முடியல, போன் சமையல்கட்டுல. முதல்ல அவர் சிரிச்சார், கல்யாணத்தப்போகூட இவ்வளவு நெருங்கி இருந்ததில்லைன்னு. கொஞ்ச நேரம் போனதும் என் கழுத்துல ஈரமா இருந்துச்சு. அவர் அழறதை இத்தனை வருஷத்துல நான் பார்த்ததில்லைடா, அப்பவும் பார்க்கல, முகத்தைத் திருப்ப முடிஞ்சாத்தானே. கைக்கு எட்டின டம்ளரால சுவரைத் தட்டிக்கிட்டே இருந்தேன். பக்கத்து வீட்டு டெய்லரம்மாவுக்குத் தையல் மெஷின் சத்தத்துல கேட்கவே இல்லை, நூல் அறுந்து மெஷினை நிறுத்தினப்பதான் கேட்டிருக்கு. நல்லவேளை கதவு தாழ் போடல. அந்தம்மா ஓடிப்போய் பிசியோ பொண்ணைக் கூட்டிட்டு வந்தாங்க. கத்தி அனுப்பின வீடாச்சேன்னு அது யோசிக்கவே இல்லை.

அவரைத் தூக்கிக் கட்டில்ல விட்டதும் அந்தப் பொண்ணு என்னைத்தான் பார்த்துச்சு. எலும்புல ஒண்ணும் அடி இல்லைன்னு தொட்டுத் தொட்டுப் பார்த்துட்டு, முக்காலியில உட்கார வெச்சு, வெந்நீர்ப் பையை வெச்சு, கழுத்துலேர்ந்து தோள்பட்டை வரைக்கும் மெதுவா நீவிச்சு. பயத்துலயும் கவலையிலயும் தோளைத் தூக்கியே வெச்சிருக்கீங்கம்மா, எப்பவும் முறுக்கியே இருக்கற தசை ஓய்வே இல்லாம முடிச்சு மாதிரி ஆயிடும், அது இளகினாத்தான் வலியும் குறையும் மூச்சும் ஆழமா வரும்னு சொல்லுச்சு. அப்புறம் தோள்பட்டைக்குக் கீழே ஒரு இடத்துல கட்டைவிரலை வெச்சு அப்படியே அழுத்திப் பிடிச்சுது. உயிர் போச்சு, விரல் நுனிவரைக்கும் ஓடுச்சு வலி. அடுத்த நிமிஷம் என்னவோ உள்ளே கழண்ட மாதிரி ஆச்சு, நான் குலுங்கிக் குலுங்கி அழுதேன். அழுங்கம்மா, அதுவும் இறங்கட்டும்னுச்சு. அப்பா பார்த்துக்கிட்டே இருந்தார். கடைசியில குழறின வாயால, நாளையிலேர்ந்து எனக்கும் நீயே வந்து செய்ம்மான்னு அதுகிட்ட சொன்னார்.

இப்போ ஒருநாள் விட்டு ஒருநாள் வருது. அப்பா விரல் கொஞ்சம் விரியுது. எனக்கும் போறப்போ கழுத்தைப் பிடிச்சுவிட்டுட்டுப் போகும், அன்னிக்கு மட்டும் நல்லாத் தூங்கறேன். முதல் வாரம் அந்த நேரத்துக்கு வெளியே போங்கன்னு என்னைத் துரத்திவிட்டுச்சு. போனேன். பஸ்ஸுலகூட ஏறினேன். எங்கேம்மான்னு கண்டக்டர் கேட்டார், எங்கேன்னு நானே யோசிச்சு வெக்கல, இறங்கிட்டேன். அதுலேர்ந்து இந்தப் படியோட சரி.

நேத்து அந்தப் பொண்ணு ஒளிக்காமச் சொல்லிடுச்சு. நான் எவ்வளவு பிடிச்சுவிட்டாலும், மறுபடி அதே பாரத்தை அதே தோள்ல ஏத்தினா பிரயோஜனம் இல்லைம்மா, அடுத்த தடவை கீழே விழுந்தா எழுந்திருப்பீங்கன்னு நான் சொல்ல மாட்டேன்னு. அதனால கேட்கறேன்டா. இதுவரைக்கும் உன்னை வான்னு நான் கேட்டதில்லை. ஒரு மாசம் லீவு போட்டுட்டு வா. விருந்தாளி மாதிரி வேண்டாம். வந்து அவரை எப்படிப் புரட்டறது, எப்படித் தூக்கறதுன்னு கத்துக்கோ, அப்புறம் நிரந்தரமா என்ன பண்ணலாம்னு உட்கார்ந்து பேசலாம். நான் அந்த ஒரு மாசத்துல கொஞ்ச நாளாவது உன் சித்தி வீட்ல கதவைச் சாத்திக்கிட்டுத் தூங்கறேன்.

நீயும் மருமகளும் ஒருத்தருக்கொருத்தர் துணையா நீண்ட ஆயுசோட இருக்கணும், சுட்டிப்பொண்ணு நல்லாப் படிச்சு நல்லா வளரணும். கம்ப்யூட்டர் முன்னாடி குனிஞ்சே உட்கார்ந்திருக்காதே, நடுநடுவுல எழுந்து தோளை உருட்டிவிட்டுக்கோ. ஒண்ணை மட்டும் மறந்துடாதே. வர்றதா இருந்தா அப்பாகிட்ட நீயே சொல்லு, உனக்கே அவரைப் பார்க்கணும்னு தோணின மாதிரி. நான் முடியலன்னு கூப்பிட்டேன்னு மட்டும் அவருக்குத் தெரியவே கூடாது. உள்ளே கூப்பிடறார், போகணும்.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்த்திருக்கும்
அம்மா