கேஷ் எடுக்கும் கார்டு

அன்புத் தங்கைக்கு,

நீ கையெழுத்துப் போட்டுத் தந்த ஃபாரத்தை பேங்க்கில் கொடுத்து, உன் கார்டை வாங்கிவிட்டேன்.

"ரெண்டு கார்டு இருக்கு மேடம். கடையில தேய்க்க இது சீப். வெளிநாட்டு ஏடிஎம்ல கேஷ் எடுக்கணும்னா அதுலதான் சார்ஜ் கம்மி. எது வேணும்?" என்று கேட்டாள் அங்கிருந்த பெண்.

"அவசரமா மொத்தமா எடுக்கணும்னா?" என்றேன். அவள் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு இரண்டாவதைக் கொடுத்தாள். உனக்கும் பாப்பாவுக்கும் ஊருக்குத் திரும்ப டிக்கெட் எடுக்கும் அளவுக்குப் பணம் போட்டிருக்கிறேன்.

உடனே உனக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் சொன்னேன். நான் நீலசந்திராவில் இருக்கும் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, மஸ்கட்டிலிருந்து உன் வீட்டுக்காரர் போன் செய்தார்.

"அக்கா, நான் இருக்கும்போது அவளுக்கு எதுக்கு தனியா கார்டு?" என்று சிரித்தார். குரலில் கோபமே இல்லை.

திருப்பிக் கொடுத்துவிடுவதாகச் சொன்னேன்.

அதனால்தான் பேப்பரில் எழுதுகிறேன். உன் போனில் இனி சாப்பாடும் வெயிலும் மட்டும் பேசுவோம். இந்த வெயிலிலும் நீ முழுக்கை போட்டுக்கொண்டே இருந்தாய், நான் ஏன் என்று கேட்கவில்லை. பாப்பா அங்கே அவரிடம் இருக்கும்போது, நாளை மஸ்கட்டுக்குப் போகாதே என்று எப்படிச் சொல்வேன்?

கார்டு உன் பெட்டியில் நாப்கின் பாக்கெட்டுக்குள் இருக்கிறது. அதை அவர் தொடமாட்டார். இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடு. நீ பணம் எடுத்தால் மெசேஜ் என் நம்பருக்குத்தான் வரும். அது வரும்வரை போனைக் கையிலிருந்து கீழே வைக்கமாட்டேன்.

உன் அக்கா