அக்காவே சாட்சி

பூண்டு உரித்த கையோடு என் கன்னத்தைக் கிள்ளி, நாள் முழுக்க என்னை நாற வைக்கிற அக்காவுக்கு,

நீ போய் நாலு மாதம் ஆகிறது. மன்னவனூரில் இந்தத் தடவை பூண்டு நன்றாக வந்திருக்கிறது. மாமா சமைக்கக் கற்றுக்கொண்டார். ரசம் என்று ஒன்று வைக்கிறார். உன் நாத்தனார் துக்கம் கேட்க வந்த இடத்திலும் உன் பட்டுச்சேலைகளைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் அழுதாள்.

என்னைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே. செண்பகனூரில் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு, ஆள் வராத நேரமெல்லாம் போனைத் தேய்க்கிறவன். வாட்ஸ்அப் குரூப்பில் என் பட்டப்பேர் தபால்காரர். வந்ததைப் பிரிக்காமலே அடுத்த வீட்டில் போட்டுவிடுவேனாம்.

அந்தச் செய்தியும் அப்படித்தான் வந்தது. மலைப்பூண்டைத் தேனில் ஊறவைத்து வெறும் வயிற்றில் தின்றால் நெஞ்சடைப்பு கரைந்துவிடும், மாத்திரையே வேண்டாம் என்று. பாகற்காய் என்று போட்டிருந்தால் நாமே சிரித்திருப்போம். நம்ம பூண்டு ஆச்சே! நாம் போட்ட வெள்ளாமையை எவனோ புகழ்ந்தால் அது பொய் என்று எப்படித் தோன்றும்? முதலில் உனக்குத்தான் அனுப்பினேன்.

பத்து நாள் கழித்து நீ பேசினாய்.

"ஏலே, மாத்திரைய நிப்பாட்டிட்டேன்டா. ஒடம்பு லேசா கெடக்கு. வெள்ளனே எந்திரிச்சுக் களை எடுக்கப் போறேன்."

"டாக்டர்ட்ட கேட்டியா?"

"நீ பாக்காமயா அனுப்புவ?"

நான் சிரித்தேன். சிரித்துவிட்டு, அந்தச் செய்திக்கு அடியில் என் சரக்கையும் சேர்த்தேன். 'மன்னவனூர்ல எங்க அக்காவே சாட்சி. நெஞ்சுல ஸ்டென்ட் வச்சவ, மாத்திரையத் தூக்கிப் போட்டுட்டு மான் மாதிரி ஓடுறா.' நாலு குரூப்பில் கைதட்டினார்கள். என் கடைக்கு நேர் எதிரே மருந்துக்கடை. ரோட்டைத் தாண்டி ஒரு வார்த்தை கேட்பதற்கு எனக்கு என்ன கேடு?

அடுத்த மாதமே உன்னைக் காரில் போட்டு மலை இறக்கினோம். "ரத்தம் உறையாம இருக்கக் குடுத்த மாத்திரை அது. யாரு நிறுத்தச் சொன்னது?" என்று டாக்டர் கேட்டார். மாமா என் முகத்தைப் பார்த்தார். "அவளாத்தான் நிறுத்துனா, சார்" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. அவர் ரசத்தை நான் இன்றுவரை குறை சொல்லாததற்கு வேறு காரணம் இல்லை.

போன வாரம் அந்தச் செய்தி எனக்கே திரும்பி வந்தது. என் வரி ஓர் எழுத்து மாறவில்லை. உன் காரியமெல்லாம் முடிந்த பிறகும், அதில் நீ ஓடிக்கொண்டிருக்கிறாய். படித்ததும் ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அக்கா. என்ன ஜென்மம் நான்?

நேற்று பாலசமுத்திரத்திலிருந்து முன்பின் தெரியாத ஒரு அம்மா போன் செய்தார். செய்தி வந்த வழியே ஒவ்வொருவராக விசாரித்து என் நம்பரைப் பிடித்திருக்கிறார்.

"அண்ணே, எங்க வீட்டுக்காரருக்கும் ஸ்டென்ட்தாங்க. இன்னைக்கு மாத்திரை வேண்டாம்னுட்டாரு. எதுக்கும் ஒரு வார்த்தை கேட்டுக்கிருவோம்னுதான். உங்க அக்கா இப்ப எப்படி இருக்காங்க?"

ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றாதது அந்த அம்மாவுக்குத் தோன்றியிருக்கிறது. வழக்கம்போல ஏதாவது வேடிக்கையாகச் சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். கடைசியில் உள்ளதைச் சொன்னேன்.

"செத்துட்டாங்கம்மா. மாத்திரைய நிறுத்துனதாலதான். அந்த வரிய எழுதுனது நான்தான்."

அந்தப் பக்கம், "ஏங்க, அந்த மாத்திரைய எடுங்க வெரசா!" என்று உள்ளே பார்த்துக் கத்தியது கேட்டது. போனை வைக்கக்கூட மறந்துவிட்டார்.

நாளைக்கு மன்னவனூர் பஸ் ஏறுகிறேன். மாமாவுக்குத் தெரியும்தான். ஆனாலும் என் வாயால் சொல்ல வேண்டும். பிறகு அந்த நாலு குரூப்பிலும், 'எங்க அக்கா இறந்துட்டா, நான் அனுப்புனத நம்பித்தான்' என்று என் பேர் போட்டு எழுதுவேன். அது முந்தையதைத் துரத்திப் பிடிக்குமா? பொய்க்கு இருந்த ருசி இதற்குக் கிடையாதே. இன்னும் எத்தனை பேர் உன்னை நலம் விசாரிப்பார்களோ தெரியாது. எத்தனை பேர் கேட்டாலும் போனை எடுப்பேன், நீ செத்ததைச் சொல்வேன். இது உன்மேல் சத்தியம்.

உனக்கு அடுத்துப் பிறந்தவன்,
உன் தம்பி